என் கையிலிருந்த மூடையை வாங்கியவர்களுக்கு

ஊர்ச் சனத்துக்கும் தூர இருந்து விசாரித்த எல்லோருக்கும் வணக்கம்.

என் வயிற்றுப் பெருநாடி வீக்கத்துக்குப் போன கிழமை ஸ்கான் எடுத்தாயிற்று. 4.9 சென்ரிமீற்றர். ஆறு மாதத்துக்கு முன் 4.8. பஸ்ஸால் இறங்கின நேரத்திலிருந்து "எவ்வளவாம், எவ்வளவாம்" என்று கேட்கிற ஆட்களுக்குத் தனித்தனியே சொல்லி முடியவில்லை, அதுதான் இங்கே எழுதுகிறேன். எழுதத் தொடங்கிவிட்டேன், இனி நன்றி சொல்லாமல் நிறுத்த ஏலாது.

தெரியாத ஆட்களுக்காகக் கொஞ்சம். இரண்டு வருசத்துக்கு முன் கல்லுக்குத்து என்று கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கான் பண்ணின டொக்டர் பிள்ளை கல்லைக் கண்டுபிடித்த பிறகும் கருவியை எடுக்கவில்லை. தொப்புளுக்கு மேலே திரும்பத் திரும்ப வைத்து அமத்தி, ஸ்கிரீனைப் பார்த்தபடியே "ஐயா, பீடி பத்துவீங்களோ?" என்று கேட்டார். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய இரத்தக்குழாய், தொகுதிப் பெருநாடி என்று பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருப்பது, அது வயிற்றுக்குள் 2 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்குமாம். 3 ஆனாலே வீக்கம். எனக்கு 4.6. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், வீங்கின சைக்கிள் ரியூப் மாதிரிப் படம் கீறிக் காட்டினார். நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. அந்தக் கல்லு குத்தியிருக்காவிட்டால் இது இருப்பதே தெரிய வந்திருக்காது.

2009 இல் முதுகில் ஏறின செல் பீஸ் இன்னும் உள்ளே கிடக்கிறது, அதாலேதானோ என்று கேட்டேன். "அதால இல்லை ஐயா, நாப்பது வருசப் பீடியும் பிரஷரும் வயசும்தான்" என்றார். 5.5 க்குக் கிட்ட வந்தால்தான் ஒப்பரேசன், அதுக்குக் கீழே வெட்டினால் வெட்டுகிற ஆபத்துத்தான் கூட, அதுவரை பிரஷர்க் குளிசையும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கானும், பாரம் தூக்கக்கூடாது, பீடி அறவே கூடாது. இவ்வளவுதான் வைத்தியம்.

முதல் மூன்று மாதம் நான் நானாக இல்லை. இரவில் படுத்து வயிற்றில் கை வைத்தால் துடிப்பது கைக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே கிடப்பேன், விடிந்துவிடும். இரணைமடு வாய்க்கால் கட்டில் நடக்கப் பயம், குனியப் பயம், தும்மப் பயம். மனிசி என்னைத் தனியே விட்டுக் கிணற்றடிக்குப் போகவும் பயந்தா. அந்த நாட்களில்தான் மிதிவெடி அகற்றுகிற வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு பின்னேரம் சீருடையோடேயே வந்து திண்ணையில் இருந்தாள். "மாமா, தெரியாம கிடக்கிறதுதான் ஆளைக் கொல்லும். கண்டுபிடிச்சதைச் சுத்தித் தடி ஊண்டி, கயிறு கட்டி, அதுக்குப் பக்கத்தில நாங்கள் சோறும் சாப்பிடுறம். உங்கட தடி ஊண்டியாச்சு." பிள்ளை, அன்றிரவுதான் நான் நித்திரை கொண்டேன். இதை உனக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சந்திக் கடை அண்ணை, நீங்கள் எனக்குப் பீடி தராமல் விட்டது மட்டுமில்லை, மற்ற இரண்டு கடைக்கும் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அப்போது உங்களோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்தேன். அதுக்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள்.

சனசமூக நிலையத்துப் பெடியள். யூரியா 50 கிலோ மூடைகள் வந்து இறங்கின அன்று நான் பழக்கத்தில் ஒன்றில் கை வைத்துவிட்டேன். வொலிபோல் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பந்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள், ஒருவன் என் கையைப் பிடித்து மெதுவாக எடுத்துவிட்டான். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதிலிருந்து நாலு போகம், உரம், விதைநெல், அறுத்த மூடை எல்லாம் அவர்கள் தோளில்தான். காசு கொடுத்தால் வாங்குகிறார்கள் இல்லை.

எங்கள் பள்ளிக்கூட ரீச்சர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு துண்டு எழுதி, லமினேற் பண்ணித் தந்தார். "வயிற்றுப் பெருநாடி வீக்கம் உள்ளவர். வயிற்றிலோ முதுகிலோ திடீர் நோவு, வியர்வை, மயக்கம் என்றால் உடனே 1990 அம்புலன்ஸ்." முன்பு பீடிக்கட்டு இருந்த சேர்ட் பொக்கற்றில் இப்போது அது இருக்கிறது.

தங்கச்சிமார் எல்லோருக்கும் சேர்த்து, அந்தத் தாதித் தங்கச்சிக்கு. போன வருசம் சலக்கிருமி என்று ஒரு தனியார் இடத்தில் சிப்ரோபுளொக்சசின் எழுதித் தந்தார்கள், வீக்கத்தைப் பற்றிக் கேட்கவும் இல்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள்தான் பையைப் பார்த்து மறித்தீர்கள். அந்த வகை மருந்து பெருநாடிச் சுவரைப் பலவீனமாக்கலாம் என்று 2018 இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரித்திருக்கிறதாம். இதை வாசிக்கிற யாருக்காவது இந்த வருத்தம் இருந்தால், எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் வீக்கத்தைச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களையும் ஸ்கான் எடுக்கச் சொல்லுங்கள். முல்லைத்தீவில் தொழிலுக்குப் போகும் என் தம்பி மாட்டேன் என்றுதான் நின்றான், அவன் மனிசி விடவில்லை. 3.3. அவனும் பீடியை விட்டுவிட்டான்.

கடைசியாக மன்னார் அண்ணைக்கு. யாழ்ப்பாணத்துக் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்தீர்கள், என் கொப்பியை எட்டிப் பார்த்தீர்கள், "எனக்கு 5.8 இல வெட்டினது" என்று சேர்ட்டைத் தூக்கினீர்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை ஒரு கோடு, இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். உள்ளே இப்போது துணிக்குழாய் என்றீர்கள். நான் தொட்டுப் பார்க்கலாமோ என்று கேட்டேன், நீங்களே என் கையை எடுத்து வைத்தீர்கள். எழும்பி நடந்த முதல் நாள் எப்படி நொந்தது, இருமும்போது தலகாணியை எப்படி வயிற்றோடு அமத்திப் பிடிக்க வேண்டும், எத்தனை மாதத்தில் சைக்கிள் ஓடினீர்கள், ஒன்றையும் மறைக்கவில்லை, பெரிதாக்கவும் இல்லை. ஒவ்வொரு ஸ்கானுக்கும் முதல் நாள் பொழுதுபட நீங்கள் எடுக்கிற கோலுக்காக இப்போது வீட்டில் எல்லோருமே போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். என் நாளும் வரும், அப்போது வார்ட்டுக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள், நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காலபோகத்தில் மொட்டைக்கறுப்பன் நெல் கொஞ்சம் போட்டேன், நல்லாய் வந்தது. ஒரு மூடை உங்களுக்குக் குத்தி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பெடியள் மன்னார் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். இறக்கும்போது நீங்களும் தூக்காதீர்கள், மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.