அம்மம்மாவின் குளிசைகளுக்கு யார் பொறுப்பு?

திருகோணமலை மாவட்டத்தில் சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். ஆள் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. தள்ளாத வயதில் இருக்கும் ஒருவரை நாலு இடத்தில் நாலு பேர் பார்க்கிறீர்கள். அந்த நாலு பேரில் யார் பொறுப்பு?

என் அம்மம்மா குச்சவெளிப் பக்கம். பிரஷருக்கு ஒரு கிளினிக், முழங்கால் நோவுக்கு இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனிக் கொப்பி. நோவுக்கு டைக்லோஃபெனக் கொடுத்தார்கள், கால் வீங்கியது. அந்தக் குளிசை உடம்பில் நீரைத் தேக்கும், பிரஷரையும் ஏற்றும் என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. பிரஷர் கிளினிக்கில் வீக்கத்தைப் பார்த்துவிட்டு நீர்க்குளிசையைக் கூட்டினார்கள். பிரஷருக்கான லொசார்டன் குளிசை ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் வயதானவர்களின் சிறுநீரகம் தாங்காது என்று பிறகு வார்டில் ஒரு டொக்டர் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். அதற்குள் அம்மம்மா இரவில் எழும்பும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவருடைய பிஸ்கட் டின்னுக்குள் அந்தச் சின்னக் கடதாசி உறைகள் அத்தனையும் இருந்தன, 'காலை 1, இரவு 1' என்று பேனையால் எழுதியபடி. ஒருவராவது அந்த டின்னைக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் கொட்டி, முழுவதையும் ஒன்றாகப் பார்த்திருக்கக் கூடாதா?

சரி, ஒபரேஷன் நல்லபடி முடிந்தது, அதற்கு நன்றி. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் நோய் விபரம் எழுதிய ஒரு டயக்னோசிஸ் காட் கிடைத்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, படுக்கைப்புண் வந்தபிறகுதான் தெரிந்தது. உடற்பயிற்சிக்குக் கிளினிக்குக்கு வரச்சொன்னார்கள், நடக்கமுடியாதவர் குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி எப்படி வருவார்?

இதே நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் மருத்துவமாது வீடு தேடி வருகிறார், பெயர் பதிகிறார், பிள்ளை பிறந்த பின்னும் வந்து பார்க்கிறார். அவர் அப்படி வருவது 1926ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையால்தான், அது இன்று ஊர் ஊராக வேலைசெய்கிறது. தாய்க்கு முடிந்தது கிழவிக்கு ஏன் முடியாது? ஒக்டோபர் 1 முதியோர் தினத்தில் பொன்னாடை போர்த்துகிறீர்கள், அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் மிச்ச நாட்களில் அவர்களைக் கிளினிக் வாங்கில் விடிய முதல் கொண்டுவந்து இருத்திவிட்டு, பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓட்டோ பிடிக்கவேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமா? கோபத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

கேட்பது இதுதான். தள்ளாத ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒருவர், பொதுச் சுகாதாரத் தாதியோ கிளினிக் டொக்டரோ, பெயர் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். எல்லாக் குளிசையும் ஒரே கொப்பியில் வரவேண்டும். வார்டிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் அன்றே அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தகவல் போகவேண்டும். முழு மாவட்டத்துக்கும் உடனே முடியாவிட்டால் ஒரு பிரிவில் தொடங்குங்கள். தயவுசெய்து அந்த ஒருவர் யார் என்று மட்டும் முதலில் முடிவுசெய்யுங்கள்.

இப்படிக்கு,
குச்சவெளி அம்மம்மாவின் பேத்தி