டயாலிசிஸ் காத்திருப்பு அறையின் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரியும். போன மாதம் டயாலிசிஸுக்கு வந்தவர்களுக்கு வரிசையாகக் கொரோனா வந்ததும் உங்களுக்குத் தெரியும். அதில் எங்கள் அம்மாவும் ஒருவர்.

பாசிட்டிவ் என்றதும் இங்கே டயாலிசிஸ் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். வேறு இடம் கிடைக்க மூன்று நாள் ஆனது. டயாலிசிஸ் இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் அந்த மூன்று நாளும் அம்மா தாகத்தோடு ஒரு டம்ளர் தண்ணீரை ஸ்பூனால் தொட்டுத் தொட்டுக் காலையிலிருந்து இரவு வரை வைத்திருந்தார். கால் வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, ராத்திரி முழுக்க என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். "நான் மாஸ்க்கைக் கழற்றவே இல்லையேடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், அவர் கழற்றவில்லை.

காத்திருப்பு அறையின் மூன்று ஜன்னல்களையும் ஏசி போட்டபோது பிளைவுட் வைத்து ஆணி அடித்து மூடினீர்கள். அந்த ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கிற காற்றைத்தான் குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. முப்பது பேர் மணிக்கணக்கில் அதே மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நாற்காலியை மட்டும் மருந்து போட்டுத் துடைக்கிறீர்கள்.

நான் மரவேலை செய்கிறவன். பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு அறுத்தால் சிராய்கள் காலடியிலேயே விழும், ஆனால் நைசான தூள் விழாது, மெஷினை நிறுத்தி வெகுநேரம் கழித்தும் வெயில் கீற்றில் மிதந்துகொண்டே இருக்கும். இருமும்போதும் பேசும்போதும் வாயிலிருந்து வருவதும் அப்படித்தான். பெரிய துளி கீழே விழுகிறது, சின்னது காற்றில் நிற்கிறது, கிருமி அதிலும் இருக்கிறது.

2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஓர் உணவகத்தில், ஏசி காற்றடித்த பக்கம் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களில், கிருமியோடு வந்தவரையும் சேர்த்து மொத்தம் 10 பேருக்குக் கொரோனா வந்தது. அந்த இடத்திலும் வெளிக்காற்று வருவது மிகக் குறைவு. அந்த மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவாது என்று சொன்னது, ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து மடல் எழுதிச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது, பிறகு அந்த நிறுவனமும் ஒத்துக்கொண்டது. இவ்வளவும் நடந்து முடிந்தபின் உங்கள் சுவரில் இன்னமும் கை கழுவச் சொல்லும் போஸ்டர் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் அடைத்த ஜன்னலின் மேலேயே ஒட்டியிருக்கிறது. கை கழுவுகிறோம். அப்புறம் மூச்சுவிட எங்கே போவது? பணம் கட்டும் கவுன்ட்டரில் கண்ணாடித் தடுப்பு, உங்கள் ஆட்களுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன், நோயாளி உட்காரும் இடத்துக்கு எதுவும் இல்லை. எங்களைப் பற்றி யாராவது ஒருநாளாவது யோசித்தீர்களா?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அந்தப் பிரிவின் நர்ஸம்மாக்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

கேட்பது ஒன்றுதான். ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஏசி வேண்டுமென்றால் ஓடட்டும், கூடவே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன், சுத்தியலும் எடுத்துவருகிறேன். ஒரு ஜன்னலுக்குப் பத்து நிமிடம் போதும், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மகன்