ஒட்டிய உறை

அன்பு மகளுக்கு,

இதை வட்ஸ்அப்பில் அனுப்பாமல் உன் அலுவலக முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறேன். உன் கைத்தொலைபேசிக்கு வருவதை வேறொருவரும் பார்க்கிறார் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது.

சென்ற மாதம் நீ வந்திருந்தபோது உப்புவெளிக் கடற்கரையில் நடந்தோமே, பத்து நிமிடத்துக்குள் உன் தொலைபேசி நான்கு தடவை அதிர்ந்தது. பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்துப் படம் எடுத்தாய். ஞாபகத்துக்கு எடுக்கிறாய் என்று நானும் சிரித்தேன். இரவு குசினியில் நீ அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. அப்பாவோடுதான் நின்றேன் என்று காட்டாவிட்டால் விடியும்வரை சண்டை என்றாய். அந்தப் படத்தில் என்னைச் சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறாய், பிள்ளை.

அன்று நான் தூங்கவில்லை. கோபம் முதலில் நீ கட்டப்போகிறவர் மேல்தான் வந்தது. விடியும் நேரம் அது என் மேல் வந்து நின்றது.

முப்பத்தொரு வருடம் தபால் சுமந்தவன் நான். 1990க்குப் பிறகு இந்தியாவுக்குப் போனவர்களின் கடிதங்கள் மாதக்கணக்கில் பிந்தி வரும். உள்ளே இருப்பது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று தெரியாமல் சைக்கிளை மிதிப்பேன். திருக்கடலூரில் எழுத வாசிக்கத் தெரியாத ஒரு ஆச்சி இருந்தார். மகனின் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். இரண்டு மூன்று நாள் கழித்து, மனம் திடமானபின், “இன்று பிரித்து வாசியுங்கள் தம்பி” என்பார். வாசிக்கவா என்று அதுவரை நானாகக் கேட்டதில்லை. கடிதம் அவருடையது, பிரிக்கும் நாளும் அவருடையது.

அதே கைதான் 2018இல், நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, உன் தலையணைக்கு அடியிலிருந்து தொலைபேசியை எடுத்தது. உன் தோழிகளோடு நீ பேசியதையெல்லாம் வாசித்தேன். பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இருந்தும் காலையில் உன்னை நிறுத்திவைத்து விசாரித்தேன். “உன் மேல் உள்ள அக்கறையில்தான் பார்த்தேன்” என்றேன். நீ ஒன்றும் பேசாமல் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய்.

அன்பு உள்ளவன் உன் பெட்டியைத் திறக்கலாம் என்று உனக்கு முதலில் பழக்கியவன் நான்தான். இன்று இன்னொருவர் அதே சொல்லைச் சொல்லிக் கேட்கும்போது உனக்கு அது புதிதாகத் தெரிந்திருக்காது. என்னை மன்னித்துக்கொள். இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன் என்பது எனக்கு உறைக்கிறது.

அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவருக்கும் ஏதோ பயம் இருக்கலாம். அந்தப் பயத்துக்கு நீ மருந்தாக முடியாது. வெள்ளவத்தையில் எந்தக் கடையில் எத்தனை நிமிடம் நின்றாய் என்று கணக்குக் கேட்பதும், நீல நிறக் குறி விழுந்த பின் ஏன் பதில் இல்லை என்று துளைப்பதும் உன் நித்திரையைத் தின்கின்றன. நீ மெலிந்துவிட்டாய். தேநீர் சிந்தியதற்குக்கூட மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாய். முன்பு வாரம்தோறும் எங்களையும் நலம் கேட்கும் உன் தோழி இப்போது எடுப்பதே இல்லை. அவளை நீயாகவா விட்டாய்?

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கேட்டுச் சில விஷயங்கள் அறிந்துகொண்டேன். வட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை ஒரு தடவைக்கு அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் பகிரலாமாம். கூகுள் வரைபடத்தில் பகிர்ந்தால், நீ நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும்படி விடவும் முடியுமாம். வட்ஸ்அப் அமைப்புகளில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைப் பார். உனக்குத் தெரியாத கணினி ஏதும் அங்கே இருந்தால் உன் செய்திகளை இன்னொருவர் வாசிக்கிறார் என்று அர்த்தம். ஆனால் கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்துவிடாதே. கட்டுப்பாடு கைவிட்டுப் போகும்போது சிலர் மூர்க்கமாவார்கள். முதலில் உன் தோழிக்குச் சொல், தனியாக இருக்காதே.

என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் 1926க்கு எடு. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. பெண்களுக்கான உதவிக்கு 1938 இருக்கிறது. மனம் களைத்தவர் உதவி கேட்பதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் காலத்தில் அப்படி யாரும் சொல்லித் தராததால் எத்தனையோ பேர் உள்ளுக்குள்ளேயே கருகிப் போனார்கள்.

கலியாணத்துக்கு நாள் பார்த்தாயிற்றே, மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்றே என்று யோசிக்காதே. பணம் போனால் போகட்டும். ஊர் என்ன சொல்லும் என்பதை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். அவரோடு பேசித் திருத்தலாம் என்று நீ நினைத்தாலும் அது உன் முடிவுதான், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

அம்மா சுகம். அவளுடைய செவ்வரத்தையை நேற்று மான் வந்து மொட்டையடித்துவிட்டது. அதற்குத் திட்டிக்கொண்டே நீ வந்தால் பொரிப்பதற்கு மோர்மிளகாய் காயவைக்கிறாள். எப்போது வருவதென்றாலும் இரவு பஸ்ஸில் ஏறிவிட்டு ஒரு சொல் சொல். விடியற்காலையில் பஸ் நிலையத்தில் நிற்பேன். ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டேன்.

இதற்குள் என் முகவரி எழுதிய வெற்று உறை ஒன்று இருக்கிறது. முத்திரை ஒட்டியிருக்கிறேன். எழுத மனம் வரும் நாளில் எழுது.

அன்புடன்,
அப்பா