கப்பலின் முதுகில் எழுதிய ஊர்

தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். கப்பல் சிங்கப்பூரைத் தாண்டிவிட்டதாக அம்மா சொன்னாள். நெட் கிடைக்கும்போது படி, அவசரமில்லை.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். "எந்தக் கொடியா இருந்தா என்னப்பா? எவன் குறைஞ்ச வாடகைக்கு ஏத்துறானோ அவன்கிட்ட சரக்கக் குடுத்துட்டுப் போறது. நம்ம கொடிக் கப்பல் வேணும்னு ஏன் சர்க்கார் பணம் போடணும்?" பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை அது.

ஹார்பரில் முப்பத்தோரு வருஷம் டாலி எழுதினேன், ஏறி இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. கப்பல் பெர்த்தில் கட்டியதும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். மேலே பெயர், கீழே பதிவான ஊர். எந்த நாட்டில் பதிவோ அந்த நாட்டுக் கொடிதான் கப்பலில் பறக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாம்பே என்று அடிக்கடி பார்ப்பேன். போகப்போக மன்ரோவியா, பனாமா, மஜூரோ என்று வெளிநாட்டு ஊர்கள். ஒரு நாள் ஜவஹர் டாக்கில் நைட் ஷிப்ட். சரக்கு இறக்க வந்த பழைய கப்பல் ஒன்றின் பின்புறத்தில் விளக்கு வெளிச்சம் சாய்வாக விழுந்தது. பனாமா என்று புதுப் பெயின்டில் எழுதியிருந்தது. அதற்கடியில், முன்பு வெல்டிங்கில் எழுதியிருந்த, தேய்த்தும் போகாத மேடு. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். பாம்பே. அதே கப்பல்தான், அதே இரும்புதான், கொடியை மட்டும் மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு டாலி ஷீட்டில் பனாமா என்று எழுதக் கை வரவில்லை.

கொடியில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முன்னால் இருந்த கப்பலில் நாலு மாசம் சம்பளமில்லாமல், நங்கூரம் போட்ட இடத்தில் கிடந்தாயே. முதலாளி போனை எடுக்கவில்லை. நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். முதலாளி ஒரு நாடு, மேனேஜர் ஒரு நாடு, கொடி மூன்றாவது நாடு. எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பது? நம் கொடி பறந்திருந்தால் கேட்க ஓர் இடம் இருந்திருக்கும். சட்டம் நம்முடையது, கோர்ட் நம்முடையது. 2021இல் சூயஸில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் ஞாபகம் இருக்கிறதா? ஜப்பான்காரர் கப்பல், ஓட்டியது தைவான் கம்பெனி, கொடி பனாமா. உள்ளே இருந்த 25 பேரும் நம்மவர்கள். கப்பலை ஆறு நாளில் மீட்டார்கள். ஆனால் நஷ்டஈட்டு வழக்கு முடியும்வரை ஜூலை வரைக்கும் கப்பல் அங்கேயே நின்றது. உலகக் கப்பல்களுக்கு ஆள் நாம் கொடுக்கிறோம். கப்பல் மட்டும் நம்மிடம் இல்லை.

பணக் கணக்குக்கு வருகிறேன். 2025 செப்டம்பரில் பாவ்நகரில் பிரதமர் பேசினார். வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்கு நாம் வருஷத்துக்குக் கட்டும் வாடகை சுமார் 6 லட்சம் கோடி ரூபாய். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நம் வணிகத்தில் 40 சதவீதம் நம் கப்பலில் போனது, இப்போது 5 சதவீதம். அதே மாசம் கப்பல் கட்டவும் வாங்கவும் 69,725 கோடிக்குத் திட்டம் போட்டார்கள். பெரிய தொகைதான். ஒரு வருஷ வாடகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார், எட்டில் ஒரு பங்குகூட வராது.

நம்ம பக்கத்துச் சங்கதியையே எடுத்துக்கொள். எண்ணூரில் இறங்கும் நிலக்கரிதான் வடசென்னை அனல் மின் நிலையத்தில் எரிகிறது. தமிழ்நாடு அரசு 1974இல் பூம்புகார் கப்பல் கழகம் தொடங்கியது மின் வாரியத்துக்கு நிலக்கரி கொண்டுவரத்தான். தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று சொந்தமாக மூன்று கப்பல். அந்தப் பெயர்களைப் பார்க்கும்போது மனசு எப்படி நிறையும் தெரியுமா! மூன்றுக்கும் வயதாகி ஓய்ந்துவிட்டன. இப்போது வாடகைக் கப்பல். சந்தையில் வாடகை ஏறினால் அந்தச் சுமை கடைசியில் நம் கரண்ட் பில்லில்தான் வந்து உட்காரும்.

வ.உ.சி. கப்பல் விட்ட கதை உனக்குத் தெரியும். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது. அந்தக் கம்பெனி வளர்ந்த விதத்தை நம் பாடப் புத்தகம் சொல்லவில்லை. 1856இல் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டுபோகிற சர்க்கார் ஒப்பந்தம்தான் அதற்கு அடித்தளம். அவனுக்கு அவன் சர்க்கார் கைகொடுத்தது. நம்மவரை 1908இல் சிறையில் தள்ளியது. போட்டியாம் போட்டி. கடைசியில் வ.உ.சி.யின் கலியா கப்பல் அந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கே விலைபோனது. இன்றைக்குக் கொரியாவும் சீனாவும் ஜப்பானும் அரசு துணையில்லாமலா கப்பல் கட்டுகின்றன?

சும்மா பணத்தைக் கொட்டச் சொல்லவில்லை, தம்பி. வேலை செய்யாத கம்பெனிக்கு ஒரு பைசாவும் வேண்டாம். நம் கப்பல்காரருக்குக் கடன் வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. அதைச் சரிசெய்யட்டும். அரசு நிறுவனங்களின் எண்ணெயையும் நிலக்கரியையும் பத்து வருஷ ஒப்பந்தமாகக் கொடுக்கட்டும், அந்தக் காகிதத்தைப் பார்த்தே பேங்க் கடன் தரும். பதிலுக்குப் பையன்களுக்குப் பயிற்சி கொடு என்று கேட்கட்டும். டன்னேஜ் வரிச் சலுகை, அதாவது லாபத்துக்குப் பதில் கப்பலின் கொள்ளளவை வைத்து வரி கட்டுகிற சலுகை, வாங்குகிற கம்பெனி கேடட்டுகளைப் பயிற்றுவித்தே ஆகவேண்டும் என்று இப்போதும் சட்டம் இருக்கிறது. படிப்பு முடிந்து பதினாலு மாசம் வீட்டில் உட்கார்ந்திருந்த உனக்கு முதல் கப்பல் கிடைத்ததே, அது நம் கொடிக் கப்பல். மறந்துவிடாதே.

இன்னொன்று, கஷ்டகாலம். சேட்டை செய்கிற பிள்ளையை எம்டன் என்று திட்டுகிறோமே, அந்த எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம் ஹார்பர் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதன் பிறகு வங்கக் கடலில் சரக்குக் கப்பல் ஓட்டவே பயந்தார்கள். 2023 கடைசியில் செங்கடலில் அதே கதை, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அப்படி ஒரு நாளில் அந்நியன் தன் லாபத்தையும் தன் கப்பலையும்தான் பார்ப்பான், அது அவன் நியாயம். நீ போய்த்தான் ஆகவேண்டும் என்று நம் அரசு உத்தரவு போட முடிவது நம் கொடிக் கப்பலுக்கு மட்டும்தான்.

நேற்று காசிமேடு பக்கம் நடக்கப் போனேன். அந்தமான் கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது. கப்பலின் மேல்தட்டில் துணி மூட்டைகளோடு குடும்பம் குடும்பமாக நின்றார்கள். லாபக் கணக்கு மட்டும் பார்க்கிறவன் அந்தத் தீவுக்காரர்களுக்கு மழைக்காலத்தில் கப்பல் விடுவானா? மறையும்வரை பார்த்துவிட்டு வந்தேன்.

அம்மா வஞ்சிரக் கருவாடு எடுத்துவைத்திருக்கிறாள். உன் சி.டி.சி., அந்தக் கடலோடிப் புத்தகத்தின் நகல் பீரோவில் இருந்தது, வருகிற தை மாசத்தோடு முடிகிறது. அதற்கு முன்னால் இறங்குகிற மாதிரி கேப்டனிடம் இப்போதே சொல்லிவை.

அப்பா