சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஈரத்துணி காயப்போட ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டால் உங்கள் நாளிதழில் ஏரிகளின் நீர்மட்டம், சுரங்கப்பாதைகளின் நிலவரம், பள்ளி விடுமுறை என எல்லாம் விவரமாக வருகிறது. மழையில் கார் ஓட்டுகிறவர்களும் பைக் ஓட்டுகிறவர்களும் என்ன செய்ய வேண்டும் என்று யோசனைகளும் வருகின்றன. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் எருக்கஞ்சேரியிலிருந்து பாரிமுனைக்குச் சைக்கிளில் போய்வருகிறவன். காகித மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பேசின் பாலம் ஏறி இறங்கி, வால்டாக்ஸ் சாலை வழியாகப் போவேன். அந்த நேரத்தில் என்கூடவே பாலம் ஏறுகிற சைக்கிள்கள் நிறைய. பைண்டிங் கடை ஆட்கள், லோடு இறக்குகிறவர்கள், இரவு ஷிப்ட் முடிந்து எதிரே வருகிற வாட்ச்மேன்கள், டீக்கடை மாஸ்டர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் சைக்கிளில் போவதாக நாடு முழுவதற்கும் பதிவாகியிருக்கிறது. இத்தனை பேரும் மழைக்காலத்தில் வேலையிடத்துக்கு நனைந்துகொண்டுதான் போய்ச் சேருகிறார்கள்.

நனைவதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. மழை பெய்தால் நனையத்தான் செய்வோம். சென்னை மழையில் நனைந்து குளிரில் விறைத்துப்போகிறவர்கள் யாரும் இல்லை. நனைந்த துணியோடு அன்றைய பொழுதை எப்படி ஓட்டுவது, அதைத் திரும்பிப் போவதற்குள் எங்கே காயவைப்பது என்பதுதான் எங்கள் பாடு.

சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கிற சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆடி, ஆவணியில் பெய்வது பெரும்பாலும் சாயங்கால இடிமழை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது பிடிக்கும். வீட்டுக்குப் போய்த் துவட்டிக்கொள்ளலாம், அதோடு சரி. ஐப்பசி, கார்த்திகை மழை அப்படி இல்லை. கடலிலிருந்து வருகிற மேகம் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் தொடங்கிக் காலைவரை பெய்யும். சரியாக நாங்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரம். நாள் முழுக்க ஈரத்தைச் சுமப்பது இந்த மழையால்தான்.

ரெயின்கோட் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். பைக்கில் உட்கார்ந்து போகிறவருக்குப் போதும். சைக்கிள் மிதிக்கிறவருக்குப் போதாது. கடைகளில் கிடைக்கிற பிளாஸ்டிக் பூச்சு ரெயின்கோட்டுக்குள் காற்றுப் போகாது. பேசின் பாலம் ஏறி முடிப்பதற்குள் வெளியே மழைத்தண்ணீர், உள்ளே வியர்வை என்று இரண்டு பக்கமும் நனைந்துவிடும். அதன் பேன்ட்டைப் போட்டு மிதித்தால் தொடைச் சந்தில் தையல் விட்டுப்போகும், இல்லையென்றால் கால் நுனி செயினில் மாட்டும். தலைவழியாக மாட்டுகிற போர்வை மாதிரியான கோட்டில் காற்றோட்டம் உண்டு. ஆனால் பாலத்தின் மேலே துறைமுகப் பக்கக் காற்று அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும்போது பக்கத்தில் கண்டெய்னர் லாரி போய்க்கொண்டிருக்கும். அது ஆபத்து. அதனால் மேலுக்கு மட்டும் கோட்டு, கீழே பழைய டெரிகாட்டன் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு என்று பழகிக்கொண்டேன். கால் நனையட்டும். தோல் துடைத்தால் காய்ந்துவிடும், ஜீன்ஸ் காயாது.

மாற்றுத்துணி நனையாமல் போய்ச் சேர்வது முக்கியம். 2019 ஜனவரியிலிருந்து கேரி பேக்குகளுக்குத் தடை. அது நல்ல முடிவு. எனக்குக் கைகொடுப்பது எங்கள் கடைச் சரக்கின் மேல் சுற்றி வருகிற ரீம் உறை, அதாவது ஐந்நூறு தாள் கட்டைச் சுற்றுகிற காகிதம். அதன் உள்பக்கம் பாலித்தீன் பூசியிருப்பார்கள். ஈரக்காற்று பட்டால் காகிதம் அலை அலையாக நெளிந்துவிடும், அச்சு மெஷினில் ஒழுங்காக ஓடாது என்பதற்காகச் செய்கிற ஏற்பாடு. சட்டை, பேன்ட், உள்ளாடை, ஒரு மெல்லிய ஈரிழைத் துண்டு, எல்லாவற்றையும் அந்த உறைக்குள் வைத்து, ரீம் கட்டுகிற மாதிரியே முனைகளை உள்ளே மடித்து, பழைய டியூபைக் கீற்றாக வெட்டிய ரப்பரால் கேரியரில் இறுக்கிவிடுவேன். எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. தோளில் மாட்டுகிற பை வேண்டாம். முதுகுக்கும் பைக்கும் நடுவில் சேர்கிற ஈரம் துணிவரை இறங்கிவிடும்.

மட்கார்டு பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பசங்க வாங்குகிற கியர் சைக்கிள்களில் பலவற்றுக்கு மட்கார்டே கிடையாது. பின்சக்கரம் வாரியடிக்கிற சேறு முதுகு நடுவில் ஒரு கோடாக விழும். அது மழைத்தண்ணீர் இல்லை, ரோட்டுத் தண்ணீர். எங்கள் பக்கம் அதில் சாக்கடையும் கலந்திருக்கும். முழு மட்கார்டும் செயின் கவரும் உள்ள பழைய மாடல் சைக்கிள்தான் மழைக்கு ஏற்றது. முன் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் துண்டைத் தொங்கவிட்டால் பாதத்தில் அடிக்கிற தண்ணீரும் பாதியாகக் குறையும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, சோப்புப் போட்டுக் காலைக் கழுவி விரலிடுக்கைத் துடைப்பது. சேற்றுப்புண் வந்தால் மழைக்காலம் முழுக்கப் போகாது. காலில் சிராய்ப்பு இருக்கிறவர்களுக்குத் தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

சரி, இதெல்லாம் சைக்கிள்காரர் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவை. அவரால் தனியாக முடியாதது ஒன்று இருக்கிறது. நனைந்த துணியைக் காயப்போட இடம்.

நவம்பரில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிற நாட்கள் பல. அந்தக் காற்றில் மூலையில் சுருட்டி வைத்த துணி சாயங்காலம் வரை அப்படியே இருக்கும், நாற்றம் மட்டும் கூடியிருக்கும். காயவைக்க வெயில் கட்டாயம் வேண்டும் என்பதில்லை. துணி விரிந்திருக்க வேண்டும், காற்று ஓட வேண்டும். நனைந்த சட்டையைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி இரண்டு பக்கமும் முறுக்கினால் பெரும்பாதித் தண்ணீரைத் துண்டு வாங்கிக்கொள்ளும். அப்புறம் ஒரு பேன் அடியில் விரித்துப் போட்டால் டெரிகாட்டன் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஷூ போடுகிறவர்கள் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரம் கழித்து மாற்றித் திணிக்கலாம். பளபளப்புத் தாள் ஈரம் இழுக்காது, நியூஸ்பிரின்ட்தான் இழுக்கும். ரெயின்கோட்டை ஈரத்தோடு மடித்து வைக்கவே கூடாது. பூஞ்சை பிடிக்கும், பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிந்து வரும்.

முன்பு நான் வேலை பார்த்த கட்டடம் ஒன்றில் பைக்குகளுக்குக் கீழ்த்தளத்தில் கூரையோடு ஸ்டாண்டு உண்டு, சைக்கிளுக்குக் கிடையாது. வெளியே விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். சீட்டு நாள் முழுக்க ஊறும். ஈர ரெயின்கோட்டோடு லிப்ட்டில் ஏறக்கூடாது. தரை வழுக்கும் என்று காரணம் சொன்னார்கள், அது நியாயம்தான். அப்படியானால் கோட்டை எங்கே வைப்பது என்றால் பதில் இல்லை. மடித்துப் பைக்குள் போட்டு, மேஜைக்கு அடியில் வைத்து, சாயங்காலம் அதே ஈரத்தை எடுத்து மாட்டிக்கொண்டு போவோம். எங்களைத் தடுக்கச் சொல்லி நிறுத்தியிருந்த வாட்ச்மேனும் சைக்கிள்காரர்தான். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. கைவசம் இருந்த இரண்டு யூனிபாரத்தில் ஒன்று நனைந்திருக்கும், இன்னொன்று வீட்டில் காயாமல் கிடக்கும். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கம்பியில் சட்டையைப் போட்டுவிட்டு, ஈர பேன்ட்டோடு கேட்டில் நிற்பார். அந்தக் கம்பியையும் ஒரு நாள் மேனேஜர் பார்வைக்கு நன்றாக இல்லை என்று அறுத்துவிட்டார்கள். ஒரு மனிதர் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறார், அவருக்கு ஒரு கம்பிகூடக் கொடுக்க முடியாதா என்று எனக்கு அப்போது வந்த கோபம் இப்போதும் போகவில்லை.

இப்போதைய கடையில் நான் நேராக முதலாளியிடமே கேட்டேன். “பேப்பர் பக்கம் ஈரம் வந்தா சரக்கு போயிடும்ப்பா” என்றார். அவர் சொன்னதும் உண்மை, ஒரு ஈரத்துணி பட்டால் ஒரு ரீம் வீண். ஆகவே குடோனுக்குள் வேண்டாம் என்று முடிவு செய்து, பின்பக்க மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு கொக்கி அடித்து நைலான் கயிறு கட்டினோம். கிடப்பில் கிடந்த ஒரு பழைய டேபிள் பேனைச் சுத்தம் செய்து படியில் வைத்தோம். கயிற்றுக்கு நேர் கீழே சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் முறம். இவ்வளவுதான் செலவு. காலையில் வருகிற லோடுமேன்கள் இரண்டு பேரும் நானும் அங்கேதான் துணி போடுகிறோம். சாயங்காலம் காய்ந்த துணியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறோம். ஈரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது பெரிய நிம்மதி. ஒற்றை அறை வீட்டில் நான்கு பேருடைய துணி கட்டிலுக்கு மேலே தொங்கினால் குழந்தைகளுக்கு இருமல் நிற்காது.

ஆண்களாகிய நாங்கள் படியிலேயே துண்டைக் கட்டிக்கொண்டு மாற்றிவிடுவோம். பெண்கள் என்ன செய்வார்கள்? எங்கள் தெருவிலிருந்து சைக்கிளில் வந்து அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கிற அக்கா ஒருவர், மாற்றுப் புடவை கையில் இருந்தும் மாற்ற இடம் இல்லாமல் ஈரப்புடவையோடேயே வேலையை முடித்துவிட்டுத் திரும்புவதாகச் சொன்னார். 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. அதனால் படிப்பைத் தொடர்ந்த பெண் பிள்ளைகள் எங்கள் பகுதியிலேயே பலர். அந்தப் பிள்ளைகள் காலை மழையில் நனைந்து வந்து, ஈர யூனிபாரத்தோடு மதியம்வரை பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கிறது. சைக்கிள் கொடுத்த அரசு, பள்ளிக்கு ஒரு அறையில் கதவுக்குத் தாழ்ப்பாளும் கயிறும் பேனும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

இது யாரும் கேள்விப்படாத புதுக் கோரிக்கையும் இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, வேலை நேரத்தில் உடுத்தாத துணிகளை வைக்கவும் நனைந்த துணிகளை உலர்த்தவும் ஏற்ற இடம் தரவேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2020-ஆம் வருஷத்துத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பிலும், 24-ஆம் பிரிவில், முதலாளி செய்துதர வேண்டிய நல வசதிகளில் ஒன்றாக நனைந்த துணி உலர்த்தும் இடம் எழுதப்பட்டிருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற ஒரு கட்டடத்தில் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு வரி சட்டத்தில் இருப்பதே மேலாளருக்குத் தெரியாது, தொழிலாளிக்கும் தெரியாது. எங்கள் கடையில் பத்துப் பேர் இல்லை, சட்டம் எங்களைத் தொடாது. அங்கேயே ஒரு கயிறு கட்ட முடிந்திருக்கிறது. பல மாடி, லிப்ட், ஏசி எல்லாம் உள்ள கட்டடங்களில் முடியாது என்றால் நம்பும்படியாக இல்லை.

தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆய்வுக்குப் போகும்போது கழிப்பறையையும் குடிதண்ணீரையும் பார்ப்பது போலவே ஈரத்துணி உலர்த்தும் இடம் எங்கே என்றும் கேட்க வேண்டும். கட்டட அனுமதி தருகிறவர்கள் பைக், கார் நிறுத்தத்தோடு சைக்கிளுக்கும் கூரையுள்ள நிறுத்தம் கேட்க வேண்டும். வாட்ச்மேன்களை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சிகள் மழைக்காலத்துக்கு மூன்றாவது யூனிபாரம் ஒன்று கொடுக்க வேண்டும். அதன் விலையை அவர்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. சிறு கடை முதலாளிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு கொக்கி, ஒரு கயிறு, மூலையில் கிடக்கிற ஒரு பழைய பேன். முதல் புயல் சின்னம் உருவாகும் முன்பே இதைச் செய்துவிடலாம்.

உங்கள் நிருபர்கள் இந்த வருஷ மழைச் செய்திக்காக வெளியே போகும்போது, காலை எட்டிலிருந்து ஒன்பது மணிக்குள் பேசின் பாலத்தில் நின்று சைக்கிளில் வருகிறவர்களிடம் “போய்ச் சேர்ந்ததும் இந்தத் துணியை எங்கே காயப்போடுவீர்கள்?” என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே அச்சிடும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
எருக்கஞ்சேரி, சென்னை