இரைச்சலை எடு, சிப்பை அப்படியே விடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கேம் பாய் என்ற உன் பழைய கையடக்க கேம் கருவியில் நீ இசையமைத்து அனுப்பிய பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மெட்டு அருமை. நடுவில் பாஸ் மட்டும் தனியாக ஓடி, அப்புறம் மேல்சுரம் உள்ளே நுழைகிறதே, அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கூடவே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். சத்தம் மட்டமாக இருக்கிறது, கேம் பாயை ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக ஏதாவது கருவி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்த முடிவுக்குப் போவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேள். ஒலிப்பதிவிலேயே காலம் தள்ளியவன் என்பதால் இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

உன் பாட்டில் நீ குறை என்று சொல்வது இரண்டு வேறு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று கேம் பாயில் ஒலியை உண்டாக்கும் சிப்புக்குள்ளேயே பிறப்பது. இன்னொன்று சிப்பை விட்டு வெளியே வரும் வழியில் ஒட்டிக்கொள்வது. நீ இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறாய். முதலாவதைத் துடைத்தெடுத்தால் உன் பாட்டும் சேர்ந்து போய்விடும். இரண்டாவதை எடுத்தே ஆக வேண்டும்.

முதலில் சிப்பைப் பார்ப்போம். 1989இல் வந்த கேம் பாயில் மொத்தம் 4 சானல்தான், அதாவது தனித்தனியாக ஒலிக்கும் நான்கு குரல்கள். இரண்டில் சதுர அலை, ஒன்றில் நீயே வரைந்துகொள்ளும் அலை, ஒன்றில் இரைச்சல். சதுர அலையின் அகலத்தை 12.5, 25, 50, 75 சதவீதம் என்று மாற்றலாம். அதிலும் தனியாகக் கேட்டால் 25க்கும் 75க்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஒலியளவுக்கு 16 படிகள். ஒரு சுரத்தைத் தானாகத் தேயவிட்டால் அதிகபட்சம் 1.6 வினாடிக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் நீள வேண்டுமென்றால் நீயே கட்டளை போட்டு ஒவ்வொரு படியாக இறக்க வேண்டும். அப்படி இறக்கும்போது படிகள் காதில் விழும். உன் பாட்டின் கடைசியில் அது கேட்கிறது, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது.

உச்சத்தில் சுருதி பிசகுவதாக எழுதியிருந்தாய். உன் காது சரிதான். சதுர அலை சானலில் அதிர்வெண் எப்படி வருகிறது என்றால், 131072 என்ற எண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான். 440 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 298ஆல் வகுக்கும், 439.8 கிடைக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதே சுரம் மூன்று ஸ்தாயி மேலே போனால் 3520 வேண்டும். 37ஆல் வகுத்தால் 3542, 38ஆல் வகுத்தால் 3449. நடுவில் எதுவுமே கிடையாது. இதை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது. அந்த வரியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிப் பார். அல்லது அந்த உயரத்தில் சுரத்தை நீட்டாமல் சட்டென்று தொட்டுவிட்டு வந்துவிடு. குறுகிய சுரத்தில் காது அவ்வளவு கறாராக இருக்காது.

இப்போது பாஸ். அதைத்தான் நீ அதிகம் குறைசொல்லியிருக்கிறாய், என் கண்ணுக்கு அதுதான் உன் பாட்டின் பலம். மூன்றாவது சானலில் ஒரு அலைக்கு 32 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்கள், அதாவது 4 பிட். அதில் நீ வழவழப்பான சைன் அலை வரைந்திருக்கிறாய். ஆனால் வெளியே வருவது படிக்கட்டு. 55 ஹெர்ட்ஸில் ஒரு பாஸ் சுரம் ஓடும்போது 1700, 1800 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மெல்லிய ரீங்காரம் கூடவே ஓடும். அது அந்தப் படிக்கட்டின் ஓரங்களிலிருந்து வருகிறது. அதைத்தான் நீ 'கரகரப்பு' என்று எழுதி, பதிவு செய்த பிறகு ஃபில்டர் போட்டு வெட்டியிருக்கிறாய். வெட்டியதும் என்ன ஆயிற்று? ஹெட்போனில் பாஸ் இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் பாஸையே காணோம். சின்ன ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது. மேலே இருக்கும் துணை ஒலிகளைக் கேட்டுத்தான் நம் மூளை அடியில் ஒரு பாஸ் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கரகரப்பு இருந்தால்தான் போனிலும் உன் பாஸைப் பின்தொடர முடியும். ஃபில்டரை எடுத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பார் பாப்பா.

இன்னொரு விஷயம். கிக் என்ற டிரம் அடியையும் பாஸையும் ஒரே சானலில் வைத்திருக்கிறாய், இரண்டும் முட்டிக்கொள்கின்றன என்கிறாய். முட்டட்டும். கிக் விழும் கணத்தில் பாஸ் நின்று, உடனே திரும்பி வருகிறதே, அந்த இழுப்பைக் கொண்டுவர ஸ்டுடியோவில் ஒலியளவை அமுக்கும் கம்ப்ரெஸர் வைத்து நாங்கள் மெனக்கெடுவோம். உனக்கு அது தானாகவே கிடைத்திருக்கிறது. கிக்கின் நீளத்தை மட்டும், ஒலியை நிறுத்தும் 'கே' கட்டளை போட்டு இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வெட்டிவிடு, பாஸுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

சரி, எடுக்க வேண்டிய குறைக்கு வருகிறேன். ஒரு சோதனை செய். பாட்டை நிறுத்திவிட்டு, கருவியை அப்படியே ஓடவிட்டு, சத்தமில்லாத அந்த நிலையை ஒரு பத்து வினாடி பதிவு செய். அதைக் கணினியில் பெருக்கிக் கேள். 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல், மேலே ஒரு கீச்சு, அடியில் 'ம்ம்' என்று ஒரு முனகல். இது எதுவும் உன் இசை கிடையாது.

சீறல் பெரும்பாலும் ஹெட்போனுக்கு முன்னால் இருக்கும் பெருக்கியிலிருந்து வருகிறது. பழைய கேம் பாயில் சிப்பின் ஒலி வால்யூம் சக்கரத்துக்குப் போய், அதற்குப் பிறகுதான் அந்தப் பெருக்கிக்குள் நுழையும். அதனால் சக்கரத்தைக் குறைத்து வைத்தால் பாட்டு குறையும், சீறல் அப்படியே இருக்கும். முழுதாகத் திருப்பியதற்குச் சற்றுக் கீழே வைத்துப் பதிவு செய். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் 'ப்ரோ சவுண்ட்' என்று ஒரு மாற்றம் செய்வார்கள். சக்கரத்துக்கு முன்னாலேயே கம்பி இழுத்துத் தனி ஜாக்கில் கொண்டுவந்துவிடுவது. பெருக்கி வழியிலேயே வராது, பாஸும் நிறைவாக வரும். சால்டரிங் வேலை நுணுக்கமானது, பழகிய கையால் செய்து வாங்கு. கீச்சு, திரைக்குப் பின்னால் பேக்லைட் விளக்கு பொருத்தியிருந்தால் அதிலிருந்து வரக்கூடும். அதைக் கழற்றிவிட்டோ அணைத்துவிட்டோ மறுபடி சோதித்துப் பார். முனகல் அடாப்டரும் லேப்டாப் சார்ஜரும் ஒரே நேரத்தில் இணைந்திருப்பதால் வரும். பதிவு செய்யும்போது புது பேட்டரி போட்டு, லேப்டாப்பையும் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிடு.

பேட்டரி என்றதும் நினைவுக்கு வருகிறது. நீ இசையமைக்கும் லிட்டில் சவுண்ட் டிஜே மென்பொருள் இருக்கும் கார்ட்ரிட்ஜில் உன் பாட்டெல்லாம் ஒரு சின்ன பேட்டரி தயவில்தான் நிற்கிறது. அது தீர்ந்தால் எல்லாம் போய்விடும். இன்றைக்கே நகல் எடுத்து வை.

வேறு கருவி வாங்கலாமா என்றால், ஒவ்வொன்றிலும் வேறொரு சுவர் இருக்கும். பின்னால் வந்த கேம் பாய் அட்வான்ஸில் சாம்பிள்களை, அதாவது பதிவு செய்த ஒலித்துண்டுகளை ஓட்டலாம். ஆனால் அவற்றைக் கலக்கும் வேலை பிராசஸர் தலையில் விழும். அதனால் பல கேம்கள் வினாடிக்கு 13,379 ஒலிப்புள்ளிகள் என்ற வேகத்தில் கலந்தன. அந்த வேகத்தில் 6.7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் உண்மையான ஒலி எதுவும் வராது, சிம்பலின் மினுமினுப்பு செத்துப்போகும். உன் பழைய பாட்டை அதில் ஓட்டினாலும் பாஸ் மெலிந்துதான் ஒலிக்கும். நின்டென்டோ டிஎஸ்ஸில் 16 சானல் உண்டு, அதற்கு 2008இல் வந்த கோர்க் டிஎஸ்-10 என்ற இசை மென்பொருள் நல்ல விளையாட்டுப் பொருள், ஆனால் டிஎஸ்ஸின் மொத்த நினைவகம் 4 மெகாபைட்தான். சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். நீ கேட்கும் 'தெளிவு' அங்கே உண்டு. அங்கே போனால் உன் பாஸ் சானலின் அந்த உரசலை நீயே உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கும். கணினியில் கேம் பாயைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளும் அப்படித்தான், சுத்தமாக வரும், எழுதிப் பார்க்க வசதி. ஆனால் கடைசிப் பதிவை உண்மையான கருவியில்தான் எடு என்பேன்.

பதிவளவைப் பற்றி ஒன்று. அளவைப் பூஜ்ஜிய டெசிபலில் முட்டவைத்து எம்பி3 ஆக்கியிருக்கிறாய். சதுர அலையின் உயர் அதிர்வெண்களைக் கொஞ்சம் நறுக்கினாலும் அதன் விளிம்பு துள்ளி எழும். எம்பி3 அப்படி நறுக்கும்போது அந்தத் துள்ளல் உச்சியில் இடித்துப் பிளிறுகிறது. மேலே 3 டெசிபல் இடம் விடு. அப்புறம் குறைந்த பிட்ரேட்டில் இரைச்சல் சானல் தண்ணீரில் முக்கியதுபோல் கேட்கிறது. உன் ஹைஹாட் முழுக்க அதில்தான் இருக்கிறது, அதனால் எனக்குச் சுருக்காத வேவ் கோப்பாகவே அனுப்பு.

அனுப்பும்போது மொத்தமாக ஒரே கோப்பாக வேண்டாம். மற்ற மூன்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு சானலாக நான்கு தடவை பதிவு செய்து அனுப்பு. பாஸில் ஃபில்டர் போடாதே. நான் நான்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் எதைக் குறைக்கலாம் என்று வினாடி குறித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா