பதினேழு அங்குல ரிம்மைக் கழற்றிவிடு, பாப்பா

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் நீ பள்ளி வேலைக்கு நடுவே பாதியைத்தான் படிப்பாய். அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இரவு சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது முன் டயரின் பக்கச் சுவரில், எழுத்துகளுக்குக் கொஞ்சம் மேலே, பாதி எலுமிச்சம்பழம் ஒட்டிவைத்த மாதிரி ஒரு வீக்கம் இருக்கிறது. காற்று அதிகமானதால் வந்தது என்று உங்கள் பள்ளியில் யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அது சரியில்லை. பள்ளத்தின் விளிம்பிலோ பெரிய கல்லிலோ சக்கரம் இடித்தபோது டயர், கல்லுக்கும் சக்கரத்தின் உலோக ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிட்டன. அந்த இடத்தில் இப்போது காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர்தான். அதை ஒட்ட முடியாது, பேட்ச் போட முடியாது. எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்லவும் முடியாது. நாளைக்குக் காரை எடுப்பதற்கு முன் ஸ்பேர் டயரை மாட்டிவிடு. அந்த டயரோடு காராக் நெடுஞ்சாலைப் பக்கம் போகவே கூடாது.

எந்த பிராண்ட் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மாற்ற வேண்டியது ரிம். உன் மைவி காரை முன்பு வைத்திருந்தவர் அழகுக்காக 17 அங்குல ஸ்போர்ட் ரிம் போட்டிருக்கிறார். பட்டணத்துத் தார் ரோட்டில் ஓட்டியவருக்கு அது ஒத்துவந்திருக்கும். நீ தினமும் போவது செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சரளை ரோடு, கூடவே ஆலைக்குக் குலை ஏற்றிப்போகும் லோரிகள் தோண்டிப் போட்ட பள்ளங்கள். அங்கே அந்த ரிம்மில் ஓடினால் இந்த வீக்கம் அடுத்த டயருக்கும் வரும், அதற்கடுத்த டயருக்கும் வரும்.

கணக்கைப் பார். இப்போது உன் டயரில் 195/40 ஆர்17 என்று எழுதியிருக்கிறது. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 40 பங்கு. அப்படியானால் 78 மி.மீ. 1.5 லிட்டர் மைவிக்குக் கம்பெனி போட்டுத் தந்தது 185/55 ஆர்15, அதில் சுவர் 102 மி.மீ. 1.3 மைவிக்கு வருவது 175/65 ஆர்14, அதில் 114 மி.மீ. இந்த மூன்றையும் தரையில் நிறுத்தி அளந்தால் மொத்த உயரம் 588, 585, 583 மி.மீ. என்று வரும். கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் மீட்டர் காட்டும் வேகம் மாறாது, காரும் தாழாது. உள்ளே உலோகம் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்பதுதான் மாறுகிறது. கல்லில் ஏறும்போது நசுங்கிக்கொடுக்க ஒரு டயருக்கு 78 மி.மீ. இடம், இன்னொன்றுக்கு 114 மி.மீ. உனக்கு எது வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டுக் கரம்ஜித் சிங் 2002-ல் உலக ராலிப் போட்டியின் புரொடக்‌ஷன் கார் பிரிவில் சாம்பியன் ஆனார். அப்போதிருந்தே உங்கப்பாவுக்கு ராலி என்றால் உயிர். அவரிடம் கேட்டுப் பார். இன்றைக்கும் உலக ராலியில் தார் ரோட்டுக்கு 18 அங்குல ரிம், கல் ரோட்டுக்கு 15 அங்குல ரிம். எந்த ரிம்மையும் வாங்க வசதியுள்ளவர்கள்கூடக் கல்லில் இறங்கும்போது சின்ன ரிம்முக்குத்தான் மாறுகிறார்கள்.

ஆகவே 14 அங்குலம், அதுவும் சாதாரண இரும்பு ரிம். அலாய் ரிம் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். விரிசலை வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள். என் பிள்ளை ஓட்டும் காருக்கு அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரும்பு ரிம் வளையும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தலாம், முடியாவிட்டால் குறைந்த விலையில் இன்னொன்று வாங்கலாம். கறுப்பாக அசிங்கமாக இருக்கும் என்று நினைப்பாய். பிளாஸ்டிக் மூடி போட்டுக்கொள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். உன்னுடையது 1.5 என்பதால், முன் பிரேக் காலிப்பரில் உரசாமல் 14 உட்காருகிறதா என்று ஒரு ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்போம். நூலிழை இடைவெளி இருந்தாலும் போதாது. சின்னக் கல் ஒன்று அதற்குள் மாட்டிக்கொண்டால் ரிம்மின் உட்பக்கத்தைச் சுற்றிலும் அறுத்துவிடும். இடம் போதவில்லை என்றால் 15-க்குப் போவோம், அதற்குமேல் வேண்டாம். வெளிக்கடை ரிம் வாங்கினால் நடு ஓட்டையையும் பார்க்க வேண்டும். நாலு போல்ட்டும் அமைந்த வட்டத்தின் 100 மி.மீ. அளவு பொருந்தினாலும் நடு ஓட்டை பெரிதாக இருந்தால் வளையம் போட்டுத்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் ஆடும்.

இனி டயர். மண் ரோடு என்றதும் கடைக்காரர்கள் பல்லுப் பல்லாக இருக்கும் ஆல் டெரெய்ன் டயரைக் காட்டுவார்கள். ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் வண்டிக்கு அது நல்லதுதான். உன் கார் சின்னது, எடை குறைவு. மாதக் கடைசியில் நீ காராக் மலையில் மழையில் இறங்கி வருகிறாய். ஈரத் தார் ரோட்டில் அந்தப் பல் டயர் சாதாரண டயர் அளவுக்குப் பிடித்து நிற்காது, இரைச்சலும் அதிகம். வேன் டயர் போடு, கெட்டியாக இருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. கெட்டிதான், ஆனால் பாரம் ஏற்றாத மைவியில் அது கல்லுக்குக் கல் குதிக்கும், குதிக்கிற டயருக்குப் பிடிப்பு இருக்காது. நல்ல சாதாரணக் கார் டயர் போதும். கோடுகள் மிக நெருக்கமாக இல்லாமல், ஓரம் உருண்டையாகத் தடித்து இருப்பதாகப் பார்த்து எடுப்போம். மெல்லிய பள்ளங்களில் கூர்க்கல் மாட்டிக்கொண்டால் ஓட ஓட உள்ளே துளைத்துக்கொண்டே போய் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையைத் தொட்டுவிடும். வாரத்துக்கு ஒருமுறை தட்டை ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் கற்களை நெம்பி எடுத்துவிடு. ஆணி குத்தியிருந்தால் மட்டும் பிடுங்காதே, அப்படியே கடைக்குக் கொண்டுபோ.

மெந்தகாப்பிலோ தெமெர்லோவிலோ பழைய டயர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். அதன் உள்ளே எங்கே அடிபட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. புது டயர் என்றாலும் ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் முடிவில் இருக்கும் நாலு எண்களைப் படி. 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் செய்தது. கடையில் நாள்பட்டுக் கிடந்த சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மலேசியத் தரத்துக்கான எம்எஸ் 149 முத்திரை இருக்கிறதா என்பதையும் பார். 175/65 ஆர்14-ல் அளவுக்குப் பக்கத்தில் 82 என்று இருக்கும். ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று அர்த்தம், உனக்கு அது தாராளம்.

டயரின் பக்கச் சுவரில் செயற்கை ரப்பரோடு கித்தா, அதாவது ரப்பர் மரத்துப் பாலிலிருந்து வந்த இயற்கை ரப்பரும் கலந்திருக்கிறது. உன் பாட்டி விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் வெட்டியது அந்தப் பால்தான். நீ இப்போது பாடம் நடத்தும் தோட்டமும் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டமாக இருந்ததுதான். இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் மூலக்கூறுகள் வரிசைகட்டிப் படிகமாக இறுகிக்கொள்ளும். ஒரு கீறல் விழுந்தாலும் மேற்கொண்டு கிழியாமல் அந்த இறுக்கம் தடுத்து நிறுத்தும். லோரி டயரிலும் விமான டயரிலும் கித்தா அதிகமாக இருப்பது இதனால்தான். இத்தனை வருஷம் டயர் கடையில் கணக்கு எழுதிய எனக்கு, புது டயர் கட்டைப் பிரிக்கும்போது வரும் அந்த வாசனை இன்னும் அம்மாவின் வேலைச் சட்டை வாசனைதான்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் ஆதாரம். அதைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பார். தோட்ட ரோட்டில் மட்டும் ஓடும் நாட்களில் பெட்ரோல் நிலைய மெஷின் கிலோபாஸ்கலில் காட்டும் எண்ணில் 20 குறைத்துக்கொள்ளலாம், அது ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ. டயர் கல்லின் மேல் கொஞ்சம் மடங்கிக்கொடுக்கும், உன் இடுப்புக்கும் நல்லது. அதற்குமேல் குறைத்தால் சுவர் வெளியே பிதுங்கிக் கூர்க்கல்லில் கிழியும், சூடும் ஏறும். நெடுஞ்சாலைக்கு வரும் நாளில் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றிவிடு.

மழை முடிந்து நெடுஞ்சாலைக்கு வந்ததும் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறாயே, அதற்கு முன் சக்கரத்தின் உட்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். போன மழைக்காலத்தில் ஜெராண்டுட்டிலிருந்து ஒரு கார் எங்கள் கடைக்கு வந்தது. ரிம்முக்குள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டியபோது கை கொள்ளாத கட்டி ஒன்று விழுந்தது. கழுவி மாட்டியதும் நடுக்கம் போய்விட்டது. தண்ணீர்க் குழாயை முகப்பில் மட்டும் அடிக்காமல் பின்னால் குனிந்து உள்ளேயும் அடி. மண்ணோடு பேலன்ஸ் செய்தால் அந்தக் காசு வீண்.

அலை அலையாக இருக்கும் ரோட்டில் நட்டுகள் தளரும். புது ரிம் மாட்டி 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை இறுக்கு, பிறகு மாதம் ஒருமுறை. அலாய் ரிம்மின் நட்டு இரும்பு ரிம்முக்குப் பொருந்துகிறதா என்று கடையில் நானே பார்த்துக்கொள்கிறேன். முன் சக்கரம்தான் இழுக்கிறது, கல்லைக் கிள்ளுவதும் அதுதான். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை முன் பின் மாற்றிப் போடு. சட்டம் 1.6 மி.மீ. வரை தேயலாம் என்கிறது. நீ 3 மி.மீ. வரும்போதே மாற்றிவிடு.

ஓட்டுவதைப் பற்றி உனக்குத் தெரியாததில்லை. லோரிக்குப் பின்னால் ஒட்டிப்போகாதே, தூசிக்குள் எதிரே வருவது தெரியாது. பகலிலும் விளக்கைப் போடு. சரளையில் ஏபிஎஸ் பிரேக் நிற்க அதிகத் தூரம் எடுக்கும், ஏனென்றால் சக்கரம் பூட்டிக்கொண்டால் முன்னால் குவியும் கல்லும் சேர்ந்து காரைத் தடுக்கும், ஏபிஎஸ் அதைப் பூட்டவிடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடு. காரின் பின்பெட்டியில் ஒரு பலகைத் துண்டு வைத்துக்கொள், ஜாக்கியை நேராகச் செம்மண்ணில் வைத்தால் அமுங்கும். சிகரெட் லைட்டரில் மாட்டும் சின்னக் கம்ப்ரஸர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

ஸ்பேர் டயரை எடுக்கும்போது அது ஒல்லி டயரா, முழு டயரா என்று பார்த்துச் சொல். ஒல்லி டயரில் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருக்கும், கல் ரோட்டில் அது நிறைய நாள் தாங்காது. முழு டயர் என்றால் சனிக்கிழமை காலை எட்டரைக்குள் கடைக்கு வந்துவிடு, முதல் கார் உன்னுடையது. ஒல்லி டயர் என்றால் நீ வர வேண்டாம். உங்கப்பாவும் நானும் 14-லும் 15-லும் ரிம்மை வேனில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறோம், ஸ்பேருக்கும் சேர்த்து ஐந்து டயரோடு. மதியச் சாப்பாட்டுக்கு நீ சமைக்காதே, கட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா